எட்டு மணி மாத்திரையை எட்டேமுக்காலுக்குப் போட்டால் என்ன ஆகும்?

ரத்த அழுத்த மாத்திரையை முக்கால் மணி நேரம் தள்ளிப் போட்டால் பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதம் வந்து பல வருடமான ஒருவர் அதற்கான லெவோடோபா மாத்திரையை முக்கால் மணி நேரம் தள்ளிப் போட்டால் நாற்காலியை விட்டு எழ முடியாமல் போகலாம். சட்டைப் பொத்தான் போட வராது. பேச்சு முணுமுணுப்பாகிவிடும். சற்று முன்புவரை நடமாடிக்கொண்டிருந்தவரா இவர் என்று வீட்டில் இருப்பவர்கள் குழம்புவார்கள். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதற்குக் கொஞ்சமும் குறையாத முக்கியத்துவம் எத்தனை மணிக்கு என்பதற்கு இந்த நோயில் உண்டு. ஏன் அப்படி என்பது பிடிபட்டுவிட்டால் மற்ற சிகிச்சைகளின் தர்க்கமும் பிடிபட்டுவிடும்.

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்றொரு கருத்த திட்டு இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ஸ்ட்ரையேட்டம் பகுதிக்கு அனுப்புகின்றன. கையைத் தூக்குவதற்கான பலம் தசையில் இருக்கிறது. தூக்கத் தொடங்குவது, எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் டோபமைனின் பொறுப்பு. அதனால்தான் பார்க்கின்சனில் பலம் இருந்தும் அசைவு சிறுத்துப் போகிறது. ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதம் அந்த அணுக்களுக்குள் கட்டிகட்டியாகத் திரள, அணுக்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. வயது, சில மரபணு மாற்றங்கள், பாராகுவாட் போன்ற வேளாண் நஞ்சுகள் என்று பல காரணிகள் சேர்ந்துதான் பெரும்பாலும் இது நேர்கிறது. வெளியே அறிகுறி தெரியும் நேரத்தில் அந்த அணுக்களில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். மோப்பம் குறைவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கனவுக்கு ஏற்பக் கைகாலை உதறுவது, கத்துவது ஆகியவை அதற்குப் பல வருடம் முன்பே தொடங்கியிருக்கக்கூடும்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறு பேரை வைத்து இந்த நோயை விவரித்தார். அவர்களில் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி. இருநூறு வருடம் கழித்தும் நோயறிதல் முக்கியமாகக் கண்ணால்தான் நடக்கிறது. சர்க்கரைக்குப் பார்ப்பதுபோல் ஒரு ரத்தப் பரிசோதனையைச் செய்து உறுதி சொல்லிவிட முடியாது. எம்ஆர்ஐ எடுப்பது வேறு ஏதாவது இருக்கிறதா என்று விலக்கத்தான்.

நடுக்குவாதம் என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். நடுக்கம் துளியும் இல்லாமல் பார்க்கின்சன் வரும். கட்டாயம் இருக்க வேண்டியது அசைவின் மந்தம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலமாக விரித்து வேகமாகத் தட்டச் சொன்னால், முதல் நாலைந்து தட்டு நன்றாக இருந்து, பிறகு வீச்சு சுருங்கிக்கொண்டே போகும். இந்தச் சுருக்கம்தான் நரம்பியல் மருத்துவர் தேடுவது. இதனுடன் ஓய்வில் வரும் நடுக்கமோ விறைப்போ சேர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாது. கையெழுத்து வரி முடிவதற்குள் பொடியாகிவிடும். தோள் இறுக்கம் என்று எலும்பு மருத்துவரிடம் மாதக்கணக்கில் அலைந்த பிறகு பார்க்கின்சன் என்று தெரியவருவது அபூர்வமில்லை.

பார்க்கின்சன் நடுக்கம் கையை மடியில் சும்மா வைத்திருக்கும்போது, நொடிக்கு 4 முதல் 6 தடவை வரும். தம்ளரைத் தூக்கிக் குடிக்கப் போகும்போதுதான் கை ஆடுகிறது, இரண்டு கையிலும் ஆடுகிறது என்றால் அது எசென்ஷியல் ட்ரெமர் என்ற வேறொரு கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் பிரிக்க முடியாமல் திணறும்போது, மூளையில் டோபமைன் நரம்பு முனைகள் குறைந்திருக்கின்றனவா என்று காட்டும் டாட் ஸ்கேன் உதவும்.

நோயறிதலில் நான் அதிகம் அழுத்திச் சொல்வது மருந்துப் பையைக் கொட்டிப் பார்ப்பதை. தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளூனரிசின், வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைட், புரோக்ளோர்பெரசின், மனநலத்துக்கான ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் ஆகியவை டோபமைன் ஏற்பிகளை அடைத்து, அசல் பார்க்கின்சனைப் போன்ற தோற்றத்தைத் தரவல்லவை. நிறுத்தினால் பெரும்பாலும் போகும். ஆனால் சில வாரத்திலிருந்து சில மாதம்வரை ஆகும். தலைச்சுற்றல் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டே, அது தந்த நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை போடுவது வீண் கொடுமை. இன்னொன்று: முதல் வருடத்திலேயே அடிக்கடி விழுவது, இரு பக்கமும் ஒரே அளவில் தொடங்குவது, லெவோடோபாவைப் போதிய அளவு கொடுத்தும் பலன் தெரியாமல் இருப்பது, இவை தெரிந்தால் பார்க்கின்சனைப் போலவே தோன்றும் பிஎஸ்பி, எம்எஸ்ஏ போன்ற வேறு மூளை நோய்களை யோசிக்க வேண்டும்.

இனி மருந்து. டோபமைன் குறைகிறதென்றால் டோபமைனையே கொடுத்துவிடலாமே? ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பை அது தாண்டாது. அதன் முன்வடிவமான லெவோடோபா தாண்டும். உள்ளே போய் டோபமைனாக மாறும். 1950களின் இறுதியில் ஆர்விட் கார்ல்சன், டோபமைன் வற்றி அசைவற்றுக் கிடந்த விலங்குகளுக்கு லெவோடோபா கொடுத்து எழுப்பிக் காட்டினார். 2000இல் நோபல் பரிசு பெற்றார். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் வாய்வழியே, குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் முறையைக் காட்டியபின் அது நடைமுறை மருந்தானது. இன்றுவரை அதை விஞ்சிய மாத்திரை வரவில்லை.

லெவோடோபாவைத் தனியாக விழுங்கினால் பெரும்பகுதி மூளையை எட்டும் முன்பே குடலிலும் ரத்தத்திலும் டோபமைனாக மாறி, குமட்டலைத்தான் தரும். அதைத் தடுக்கத்தான் கார்பிடோபாவைச் சேர்க்கிறார்கள். மாத்திரை அட்டையில் 25/100 என்று இருந்தால் 25 மில்லிகிராம் கார்பிடோபா, 100 மில்லிகிராம் லெவோடோபா. தடுப்பு ஒழுங்காக வேலை செய்ய ஒரு நாளைக்கு மொத்தம் 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா வேண்டும். 10/100 மாத்திரையை மூன்று வேளை போடுகிறவருக்கு 30தான் கிடைக்கும். அவருக்குக் குமட்டினால் லெவோடோபா ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டாமல் 25/100க்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு, அது உண்மைதான். ஆனால் விதைக்கு விதை அளவு மாறும், கார்பிடோபாவும் அதில் கிடையாது. மாத்திரையோடு சேர்த்து அதையும் ரகசியமாகச் சாப்பிட்டால் மருத்துவர் போடும் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

லெவோடோபாவின் அரை ஆயுள் கார்பிடோபாவோடு சேர்ந்தும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். அப்படியானால் ஆரம்ப வருடங்களில் மூன்று வேளை போட்டாலே நாள் முழுக்க எப்படித் தாங்குகிறது? மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் போதும். தொட்டி நிறைந்துவிடும், குழாயில் எந்நேரமும் தண்ணீர் வரும். மிச்சமிருக்கும் நரம்பணுக்கள்தான் அந்தத் தொட்டி. அவை டோபமைனைச் சேமித்துத் தேவைக்கேற்ப விடுகின்றன. வருடங்கள் போகப் போக அணுக்கள் குறைகின்றன, தொட்டி சுருங்குகிறது. கடைசியில் மோட்டார் ஓடினால்தான் குழாயில் தண்ணீர் என்ற நிலை. மாத்திரை ஏறும்போது 'ஆன்', இறங்கும்போது 'ஆஃப்'. போதாததற்கு, உச்சத்தில் இருக்கும்போது உடல் தானாக வளைந்து நெளியும் டிஸ்கைனீசியாவும் வந்து சேரும். அதை நடுக்கம் என்று தவறாகப் புரிந்துகொண்டு மாத்திரையைக் கூட்டச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். கூட்டினால் நெளிவுதான் கூடும்.

இதனால் ஒரு பயம் பரவியிருக்கிறது: லெவோடோபா ஐந்து வருடம்தான் வேலை செய்யும், அதனால் தள்ளிப்போடு என்று. தொட்டி சுருங்குவது நோயால், மாத்திரையால் அல்ல. மருந்து கிடைக்காததால் தாமதமாகத் தொடங்கிய கானா நாட்டு நோயாளிகளையும், முன்னதாகவே தொடங்கிய இத்தாலி நோயாளிகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. நோய் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய அதே காலத்தில்தான் இரு சாராருக்கும் இந்த ஏற்ற இறக்கம் வந்தது. தள்ளிப்போட்டவர்கள் இழந்தது நடமாடியிருக்கக்கூடிய வருடங்களை. வேலைக்கோ அன்றாட வாழ்க்கைக்கோ இடைஞ்சல் வந்துவிட்டால் தொடங்கிவிடுவதே சரி. அளவை மட்டும் தேவைக்கு மேல் ஏற்றாமல் வைத்துக்கொண்டால் போதும்.

மாத்திரையை நேரத்துக்குப் போட்டும் வேலை செய்யவில்லை என்ற புகார் வந்தால் வயிற்றைப் பாருங்கள். லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை. சிறுகுடலின் மேற்பகுதிக்குப் போனால்தான் உறிஞ்சப்படும். பார்க்கின்சனில் இரைப்பையே மெதுவாகத்தான் காலியாகும். மலச்சிக்கல் இருந்தால் இன்னும் தாமதம். எனவே சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கழித்தோ, நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினால் மாத்திரை வழியிலேயே தங்கிவிடலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு வெறும் வயிற்றில் குமட்டினால் புரதம் குறைந்த ஏதாவது ஒன்றைக் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டுப் போடலாம்.

புரத விஷயம் இங்கேதான் வருகிறது. லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம். குடலிலும் மூளைத் தடுப்பிலும், உணவுப் புரதத்தின் அமினோ அமிலங்கள் ஏறும் அதே வண்டியில்தான் அதுவும் ஏற வேண்டும். இறைச்சி, முட்டை, பருப்பு, பால் நிறையச் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் அதற்கு இடம் கிடைக்காது. ஆன்-ஆஃப் உள்ளவர்களுக்குத்தான் இது பெரிய விஷயம். தொட்டி நிறைந்திருக்கும் ஆரம்பக் கட்டத்தினர் கவலைப்பட வேண்டியதில்லை. தேவைப்படுகிறவர்கள் பகலில் புரதத்தைக் குறைத்து இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளலாம். மொத்தப் புரதத்தைக் குறைக்கக் கூடாது, தசை கரைந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவோடு பிணைந்துகொள்ளும் என்பதால் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தோ மென்றோ சாப்பிடவே கூடாது.

மருத்துவர் உங்களைப் பார்ப்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஆன் ஆக இருந்தால் 'நன்றாகத்தானே இருக்கிறீர்கள்' என்று அனுப்பிவிடுவார். அதற்கு மாற்று, குறிப்பேடு. போவதற்கு முந்தைய மூன்று நாட்களை அரை மணி அரை மணியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒன்றைக் குறியுங்கள்: தூக்கம், ஆஃப், நெளிவில்லாத ஆன், தொந்தரவு தராத நெளிவோடு ஆன், தொந்தரவான நெளிவோடு ஆன். மாத்திரை போட்ட நேரமும் சாப்பிட்ட நேரமும் பக்கத்தில் இருக்கட்டும். 'ஒரு நாள் நன்றாக இருக்கிறார், ஒரு நாள் இல்லை' என்று வாயால் சொல்வதைவிட இந்த மூன்று தாள் அதிகம் பேசும்.

அடுத்த வேளைக்கு முன்பே மருந்து இறங்குகிறது என்று தாள் காட்டினால், இடைவெளியைக் குறைத்து வேளைகளைக் கூட்டுவது முதல் வழி. என்டகபோன் 200 மில்லிகிராமை ஒவ்வொரு லெவோடோபா வேளையோடும் சேர்த்தால் லெவோடோபா ரத்தத்தில் நிற்கும் நேரம் நீளும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். ஒபிகபோன் இரவில் ஒரு தடவை போதும். ரசாகிலின், செலெகிலின், சஃபினமைட் ஆகியவை மூளைக்குள் டோபமைன் சிதைவதைத் தடுப்பவை. இவற்றைச் சாப்பிடுகிறவருக்கு வலிக்கு ட்ரமடாலோ பெதிடினோ, இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனோ கொடுத்தால் ஆபத்தான எதிர்வினை வரலாம். கடையில் இருமல் மருந்து வாங்கும்போதும் இதைச் சொல்ல வேண்டும்.

பிரமிபெக்சோல், ரோபினிரோல், தோலில் ஒட்டும் ரோட்டிகோடின் ஆகியவை டோபமைனைப் போல நடிப்பவை. அரை ஆயுள் நீளம் என்பதால் ஏற்ற இறக்கம் குறைவு. ஆனால் இவற்றைப் பற்றி வீட்டாரிடம் கூச்சப்படாமல் பேசியாக வேண்டும். சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு, அளவுமீறிய காம இச்சை, நள்ளிரவுத் தீனி என்று புதிதாகத் தொடங்கினால் அது குணக்கேடு அல்ல, மருந்தின் பக்கவிளைவு. சாப்பிடுகிறவர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டால்தான் தெரியும். திடீரென்று கண் அசந்துவிடுவதும் உண்டு, ஆகவே வண்டி ஓட்டுகிறவர் கவனிக்க வேண்டும். குறைப்பதையும் மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். டிஸ்கைனீசியாவுக்கு அமன்டடின் இருக்கிறது. ட்ரைஹெக்சிஃபெனிடில் நடுக்கத்துக்குக் கேட்கும். எழுபதைத் தாண்டியவருக்கு நினைவுக் குழப்பம், சிறுநீர் அடைப்பு என்று அது தரும் தொல்லைக்கு அந்தப் பலன் ஈடல்ல என்பது என் கருத்து.

அசைவு சாராத தொல்லைகளில் மிக எளிதாகத் தப்பிப் போவது, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதுதான் தலை கிறங்குவதற்கும் விழுவதற்கும் காரணமாக இருக்கலாம். இருபது வருடமாகப் போடும் அழுத்த மாத்திரை இப்போதும் தேவையா என்ற கேள்வியை மருத்துவரிடம் முதலில் எழுப்புங்கள். கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவதும், எழுவதற்கு முன் இரண்டு தம்ளர் தண்ணீர் குடிப்பதும் உதவும்.

இல்லாத ஆட்களும் பூச்சிகளும் தெரிகின்றன என்றால், அவசரப்பட்டு மனநல மாத்திரைக்குப் போகக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், சமீபத்தில் சேர்த்த மருந்து, இவற்றைப் பார்த்த பிறகு பார்க்கின்சன் மருந்துகளை மருத்துவர் ஒவ்வொன்றாகக் குறைப்பார். ட்ரைஹெக்சிஃபெனிடில் முதலில் போகும், அமன்டடின், பிரமிபெக்சோல் வகையறா அடுத்து. லெவோடோபாவில் கைவைப்பது கடைசியில். அப்படியும் தீராவிட்டால் குவெட்டியாபின் அல்லது ரத்த வெள்ளணுக்களைக் கண்காணித்தபடி குளோசாபின். ஹாலோபெரிடால் கூடவே கூடாது. பார்க்கின்சன் ஆமை வேகத்தில் முற்றும் நோய். இரண்டே நாளில் ஒருவர் படுத்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று எண்ணாமல் தொற்றைத் தேடுங்கள்.

உடற்பயிற்சியை நான் ஒரு மாத்திரையாகத்தான் எண்ணுகிறேன், அதையும் ஆன் நேரத்தில்தான் போட வேண்டும். மூச்சு வாங்கும் அளவுக்கு, வாரம் மூன்று தடவைக்குக் குறையாமல். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், உச்ச இதயத் துடிப்பில் 80 முதல் 85 விழுக்காடு வரை எட்டும் வேகத்தில் டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அறிகுறிகள் ஏறக்குறைய கூடவே இல்லை. பயிற்சி செய்யாதவர்களுக்குக் கூடின. இதயக் கோளாறு இருந்தால் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

கதவு வாசலில், திரும்பும் இடத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது கையைப் பிடித்து இழுத்தால் உடல் முன்னே வரும், கால் வராது, விழுவார். நிற்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் எடையை மாற்றி மாற்றி ஆடச் சொல்லுங்கள். பிறகு தரையில் ஒரு கோட்டைக் காட்டி அதைத் தாண்டி ஒரே பெரிய எட்டு. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும் தாளமும் உதவும். திரும்புவதை ஓரிடத்தில் நின்று சுழலாமல் அரைவட்டமாக நடந்தே செய்ய வேண்டும். பேச்சு தேய்ந்தவர்களுக்கு உரக்கப் பேசும் பயிற்சி நான்கு வாரத்தில் 16 அமர்வுகளாக நடக்கும். சாப்பிடும்போது இருமல், தண்ணீர் குடித்தபின் குரல் கரகரப்பு என்றால் விழுங்குதலைச் சோதிக்க வேண்டும். உணவு நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியாதான் இந்த நோயில் உயிரைக் குடிப்பவற்றில் முதன்மையானது.

மூளைக்குள் மெல்லிய கம்பி பொருத்தி மின்சாரத்தால் தூண்டும் மூளை ஆழ்தூண்டல், அதாவது டிபிஎஸ், மாத்திரை வேலை செய்யாதவர்களுக்கான கடைசி வழி என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. லெவோடோபா போட்டால் நன்றாக ஆன் ஆகிறவருக்குத்தான் அது பலன் தரும். ஆன் நேரம் துண்டு துண்டாக இருப்பதை அது சமன் செய்கிறது. மாத்திரை இல்லாமல் ஒரு தடவை, போட்டபின் ஒரு தடவை மதிப்பெண் எடுத்து, 30 விழுக்காடாவது முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு, மருந்துக்குக் கேட்காத நடுக்கமும் டிபிஎஸ்ஸால் குறையும். ஆன் நேரத்திலும் விழுகிறார், பேச்சு குழறுகிறது, நினைவு தடுமாறுகிறது என்றால் அவற்றை டிபிஎஸ் சரிசெய்யாது, சில சமயம் மோசமாக்கும். பொருத்திய மறுநாளே முடிவதும் இல்லை. மின்னளவைச் சரிபார்த்து மாத்திரையைக் குறைக்கச் சில மாதம் பிடிக்கும். பொருத்திக்கொண்டவருக்கு இயன்முறை மையத்தில் டயாதெர்மி வெப்ப சிகிச்சை தரவே கூடாது. கம்பி வழியே வெப்பம் மூளைக்குப் போய்விடும்.

கடிகாரம் மிக மோசமாகத் தவறுவது வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேரும்போது. இடுப்பு எலும்பு முறிவு, கண்புரை, குடலிறக்கம், எதுவானாலும் சரி. வார்டில் மருந்து தரும் நேரம் எட்டு, இரண்டு, எட்டு என்று இருக்கும்; உங்களுடையது ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று. வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று அறுவைக்கு முன் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் விறைப்பும் அதிகக் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மயக்க மருந்து நிபுணரிடம் முதல் நாளே பேசி, அறுவை நாள் காலை ஒரு மிடறு தண்ணீரில் மாத்திரை போடலாமா, அறுவையைக் காலையின் முதல் முறையாக வைக்கலாமா, விழுங்க முடியாமல் போனால் மூக்குக் குழாய் வழியா, ரோட்டிகோடின் ஒட்டா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வாந்திக்கு மெட்டோக்ளோப்ரமைட் வேண்டாம். ஓன்டான்செட்ரான் தரலாம், ஆனால் பார்க்கின்சனுக்காக அப்போமார்ஃபின் என்ற ஊசி போட்டுக்கொள்கிறவருக்கு அதுவும் ஆகாது.

இதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். மேலே நேரங்கள், ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே மாத்திரையின் பெயரும் அளவும், கீழே சிவப்பில் கூடாத மருந்துகள். இரண்டு நாளுக்கான மாத்திரையை அசல் அட்டையோடு பையில் வைத்திருங்கள், ஏனென்றால் அதே அளவு மாத்திரை மருத்துவமனை மருந்தகத்தில் இல்லாமல் போவது சகஜம்.